விண்கலத்தின் ஒரு துண்டை வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவும் ரஷ்யாவும் அனுப்பிய பழைய விண்கலங்களின் பாகங்களைத் தனி ஆட்கள் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்களாமே, அது சட்டப்படி சரியா? கோடீஸ்வரர்களுக்கு மட்டும்தானா, இல்லை சென்னையில் இருக்கும் ஒரு மாதச் சம்பளக்காரரும் தொடங்க முடியுமா? அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடங்கலாம். சில பொருட்களைத் தவிர்த்தால் சட்டப்படியும் சரிதான். நான் கலிஃபோர்னியாவில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பக்கம் பல வருடங்களாக வசிக்கிறேன், இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டு பதிமூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல நம் ஊரில் மனை வாங்குவதைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்வேன். இடம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. சர்வே எண் பார்ப்போம், மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கச் சான்று எடுப்போம். இங்கே பாகத்தின் மேல் பொறித்திருக்கும் பார்ட் நம்பர்தான் சர்வே எண். அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற காகிதங்கள்தான் மூலப்பத்திரம். அரசாங்கம் இன்னும் அதற்கு உரிமை கொண்டாடுமா என்பதுதான் வில்லங்கம். இந்த மூன்றையும் பார்க்காமல் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாந்திருக்கிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இந்தப் பாகங்கள் வெளியே எப்படி வந்தன என்று தெரிய வேண்டும். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர், 20,000 நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலுமாக வேலை செய்தார்கள். நிலவுக்குப் போன ஒவ்வொரு பாகத்துக்கும் தரையிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகள் பல உண்டு. ஒன்றைக் குலுக்கிச் சோதிப்பார்கள், இன்னொன்றை வெற்றிட அறையில் வைத்துச் சூடேற்றுவார்கள், மூன்றாவதை உடையும் வரை அழுத்துவார்கள். பயிற்சிக்கு ஒரு செட், உதிரிக்கு ஒரு செட். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 திரும்பியதோடு நிலவுப் பயணம் முடிந்தது. அதற்குப் பிறகு போகவேண்டிய மூன்று பயணங்கள் முன்பே ரத்தாகியிருந்தன. கிடங்கு வாடகை கொடுத்து இதையெல்லாம் யார் வைத்திருப்பார்கள்? அருங்காட்சியகங்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் ஏலத்துக்குப் போனது. ஏலத்திலும் போகாததை எடைக்குப் போட்டார்கள்.

எடைக்குப் போட்டதில் என்னவெல்லாம் இருந்தது என்பதற்கு ஒரே ஒரு கதை போதும். 1970-களின் நடுவில் ஹூஸ்டன்காரர் ஒருவர் நாசா கழித்துக் கட்டிய சாமான்களில் சுமார் இரண்டு டன் வாங்கினார். அந்தக் குவியலுக்குள் அப்பல்லோ வழிகாட்டிக் கணினி ஒன்று இருந்தது. நிலவில் இறங்கும் கலத்தை ஓட்டிய அதே வகைக் கணினி. இது பறந்ததல்ல. எல்டிஏ-8 என்ற சோதனைக் கலத்தில் பொருத்தப்பட்டிருந்தது. ஆட்கள் உள்ளே இருக்க, ஹூஸ்டனில் வெற்றிட அறை ஒன்றில் வைத்து 1968-இல் சோதித்த கலம் அது. அந்தக் கலம் இன்று ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் காட்சிக்கு நிற்கிறது. அதன் மூளை மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தனி மனிதரிடம் பத்திரமாக இருந்தது.

2018-இல் மார்க் வெர்டியெல், மைக் ஸ்டூவர்ட், கென் ஷிரிஃப், கார்ல் கிளாஞ்ச் என்ற நான்கு பொறியாளர்கள் சேர்ந்து அதை மீண்டும் உயிர்ப்பிக்க இறங்கினார்கள். ஆரம்ப வேலை நடந்தது ஹூஸ்டனில் ஒரு ஓட்டல் அறையில். சுமார் 32 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிக்குள் 2,800 தர்க்கச் சில்லுகள் (ஒருங்கிணைந்த சுற்றுகள்) இருக்கின்றன, எல்லாமே ஒரே வகை: ஒவ்வொன்றிலும் மூன்று உள்ளீடு கொண்ட இரண்டு நார் (NOR) கேட்டுகள், அதாவது எளிய தர்க்கச் சுற்றுகள். தர்க்க வேலைக்கு வேறு வகைச் சில்லே கிடையாது. சில்லுகள் அப்போது புதிது, எத்தனை வகை சேர்த்தாலும் அத்தனை வகையையும் தனித்தனியாகச் சோதித்து நம்பவேண்டும். அதனால் ஒரே வகையை லட்சக்கணக்கில் வாங்கிச் சோதித்து, அதைக்கொண்டே கணினியின் தர்க்கப் பகுதி முழுவதையும் கட்டினார்கள்.

அவசரப்பட்டு அவர்கள் மின்சாரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தொகுதியாக வெளியே எடுத்து, தனித்தனியாகச் சோதித்து, அப்புறம்தான் சேர்த்தார்கள். அழித்து எழுதும் நினைவகத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தது. அந்தத் தொகுதி முழுவதும் கெட்டியான பிசினில் புதைந்திருந்ததால் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. எக்ஸ்ரே எடுத்து அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் துளைத்துச் சரிசெய்தார்கள். மனிதன் நிலவில் இறங்கி 50 ஆண்டு நிறைவான 2019 ஜூலையில் அந்தக் கணினி நிலவில் இறங்கும் நிரலை மறுபடி ஓட்டிக் காட்டியது.

இதில் நிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பல்லோ கணினியின் நிலையான நினைவகம் 36,864 சொற்கள் கொண்டது. அது கையால் பின்னப்பட்டது. ஒரு காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்தால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. மாசசூசெட்ஸில் வால்தம் நகரத்து ரேத்தியான் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து அதைப் பின்னினார்கள். ரோப் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்து நிரல்களில் சிலவற்றுக்கு அச்சுப் பிரதிகூட மிஞ்சவில்லை. தனியார் வசம் இருந்த ரோப் தொகுதிகளை இதே ஆட்கள் கவனமாகப் படித்தெடுத்தபோது, தொலைந்தே போனது என்று நினைத்த நிரல்கள் திரும்பக் கிடைத்தன. யாரோ ஒருவர் காயலான் கடைக்குப் போகவிடாமல் வாங்கி அலமாரியில் வைத்ததால் கிடைத்தவை அவை. இந்தப் பொழுதுபோக்கை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். பணக்காரர்களின் அலங்காரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

நான் இருக்கும் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. அப்பல்லோவை ஏற்றிச்சென்ற சாட்டர்ன் ராக்கெட்டின் எஃப்-1, ஜே-2 என்ஜின்களையும் பிறகு ஷட்டில் என்ற, திரும்பத் திரும்பப் பறக்கும் விண்கலத்தின் முதன்மை என்ஜினையும் உருவாக்கிய ராக்கெட்டைன் நிறுவனம் இங்கே கனோகா பார்க்கில்தான் இயங்கியது. ஜே-2 போன்ற என்ஜின்களைச் சோதித்தது பக்கத்து சாண்டா சூசானா மலையில். ஆலையிலிருந்து கழிந்த சாமான் எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கின் சர்ப்ளஸ் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. வடக்கு ஹாலிவுட்டில் நார்ட்டன் சேல்ஸ் என்ற கடையில் ராக்கெட் என்ஜின் பம்புகளையும் வால்வுகளையும் அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக ராக்கெட் செய்யக் கிளம்பிய இளைஞர்கள் பழைய பம்பு எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கவே அங்கு போவார்கள்.

இப்படி ஒரு சர்ப்ளஸ் கடையின் தகர டப்பாவிலிருந்துதான் என் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்த பொருள் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஹீலியம் வால்வு. துருப்பிடிக்காத எஃகு, இரண்டு முனையிலும் சிவப்பு பிளாஸ்டிக் மூடி, நடுவில் சின்னப் பெயர்த்தகடு. கழுத்தில் மெல்லிய கம்பியால் ஒரு சிவப்பு டேக் கட்டியிருக்கிறது. சிவப்பு டேக் என்றால் நிராகரிக்கப்பட்டது. அதில் பென்சிலால் ஒரு வரி: கசிவு அளவு வரம்பை மீறியது. பக்கத்தில் பரிசோதகரின் வட்ட முத்திரை, அதற்குள் ஓர் எண். யார் அவர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. ஆனால் அவர் அன்று அதை ஒதுக்கி வைத்ததால்தான் அந்த இடத்தில் நல்ல வால்வு ஒன்று போயிருக்கும். பறக்காத பாகம் என்று இதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை விண்கலம் பத்திரமாகத் திரும்பி வந்ததில் இந்தச் சிவப்பு டேக்குக்கும் பங்கு இருக்கிறது. பத்து மடங்கு விலை கொடுத்தாலும் அந்த டேக்கைப் பிரித்து விற்க மாட்டேன்.

சரி, எண்களுக்கு வருவோம். பாகத்தின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வீரர்கள் பயணம் செய்த அப்பல்லோ கட்டளைக் கலத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் பாகங்கள் பெரும்பாலும் வி36 என்று தொடங்கும், வெளியாரிடம் செய்து வாங்கியவை எம்இ என்று தொடங்கும். நிலவில் இறங்கிய கலத்தைக் கட்டிய கிரம்மன் நிறுவனத்தின் எண்கள் எல்டிடபிள்யூ அல்லது எல்எஸ்சி. ஷட்டிலின் எண்கள் வி070. சாட்டர்னின் முதல் கட்டத்தை போயிங் கட்டியது, அதில் 60பி என்று பார்க்கலாம். ஆக, 'நிலவில் இறங்கிய கலத்தின் ஸ்விட்ச்' என்று விற்பவர் சொல்ல, எண் வி070 என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பிறகு முத்திரைகளைப் பாருங்கள். 'நாட் ஃபார் ஃப்ளைட்' என்று சிவப்பில் அடித்திருந்தால் அது பயிற்சிக்கோ சோதனைக்கோ செய்தது. அது குறையல்ல, அதன் வரலாறு அது. அந்த முத்திரையைச் சுரண்டிவிட்டு விற்பவர்கள்தான் குற்றவாளிகள். சுரண்டிய தடம் சாய்வாக வெளிச்சம் அடித்தால் தெரிந்துவிடும்.

ஓர் எண் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு எஃப்-1 என்ஜினே சாட்சி. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் குழு 2013 மார்ச்சில் அட்லாண்டிக் கடலடியில், 4 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து, சாட்டர்ன் ராக்கெட்டின் என்ஜின் பாகங்களைத் தூக்கி வந்தது. நாற்பது வருடம் உப்பு நீரில் கிடந்தவை, எந்தப் பயணத்தில் போனவை என்று யாருக்கும் தெரியவில்லை. கான்சஸ் மாநிலம் ஹட்சின்சனில் உள்ள காஸ்மோஸ்ஃபியர் அருங்காட்சியகத்தில் துருவை அகற்றிக்கொண்டிருந்தபோது, புற ஊதா விளக்கின் கீழ் 2044 என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. ராக்கெட்டைன் கொடுத்த அந்த எண் நாசா கணக்கில் 6044. அப்பல்லோ 11-இன் ஐந்தாவது என்ஜின். நான்கு இலக்கம் மிஞ்சியதால் அந்த இரும்புத் துண்டு யார் என்று தெரிந்தது. இத்தனை செலவு செய்து எடுத்தவரும் அதற்குச் சொந்தக்காரர் அல்ல, உரிமை நாசாவுக்கே என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இப்போது நான் ஏமாந்த கதை. ஆரம்பத்தில், ஷட்டிலின் வெப்பக் காப்பு ஓடு ஒன்றை, 'டிஸ்கவரி ஷட்டிலில் பலமுறை பறந்தது' என்ற வாக்குறுதியை நம்பி வாங்கினேன். கறுப்பு நிறம், 15 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் கனம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, 200 கிராமுக்குள்தான். சிலிக்கா இழைகளால் ஆனது, அதன் கன அளவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காற்றுதான். மேலே கண்ணாடி போன்ற கறுப்புப் பூச்சு, அதில் மஞ்சள் எழுத்தில் வி070 என்று தொடங்கும் எண். ஓட்டைத் திருப்பினால் தும்பைப்பூ வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்து மயங்கித்தான் பணம் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வெள்ளையே சந்தேகப்பட வேண்டிய அடையாளம்.

ஷட்டில் ஓடுகளை நேராக அலுமினியத் தோலில் ஒட்ட மாட்டார்கள். இடையில் ஒரு ஃபெல்ட் மெத்தை, இரண்டு பக்கமும் சிவப்பு சிலிக்கோன் பசை. பொருத்தப்பட்ட ஓடு என்றால் அடியில் அந்தச் சிவப்புப் பசையின் மிச்சமோ ஃபெல்ட்டின் நாரோ இருந்தே தீரும். இன்னொன்று, ஓடு நீரை உறிஞ்சிக் கனத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மேல்பூச்சில் உள்ள நுண்ணிய துளை வழியாக ஊசியால் நீர்த்தடுப்பு ரசாயனத்தைச் செலுத்துவார்கள். ஒரு கலத்தில் 24,000-க்கும் மேற்பட்ட ஓடுகள், ஒவ்வொன்றுக்கும் ஊசி. பறந்த ஓட்டில் அந்தத் துளை இருக்கும். என் ஓட்டில் பசையும் இல்லை, துளையும் இல்லை. அசல் ஓடுதான், ஆனால் உதிரியாகச் செய்து கடைசி வரை பொருத்தப்படாதது. போதாக்குறைக்கு, ஒட்டிய ஓட்டைப் பிய்த்தெடுக்கும்போது பெரும்பாலும் உடைந்துவிடும். அதனால் மூலை உடையாத முழு ஓட்டைக் காட்டி 'பறந்தது' என்று யாராவது சொன்னால் அடிப்பக்கத்துப் படம் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

அந்த ஓட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பறக்காவிட்டாலும் அது செய்யும் வேலை அதேதான். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்கும் என்று ஏட்டில் படிப்பது வேறு, அதன் லேசான எடையைக் கையில் உணர்வது வேறு. என் அக்கா மகன் பத்து வயதில் அதைக் கையில் வாங்கி, 'மாமா, இது உள்ளே காலியா?' என்று கேட்டான். வெப்பம் ஏன் கடத்தப்படுவதில்லை என்பதற்கு அந்தக் கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது.

பறந்த பொருள்தான் வேண்டும், கையில் பணமும் குறைவு என்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவது கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலத்தில். அப்பல்லோ கட்டளைக் கலத்தின் வெளிப்புறத்தில் அலுமினியம் பூசிய மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. வளிமண்டலத்தில் நுழையும்போது பெரும்பகுதி எரிந்துபோனது, மிஞ்சியது உரிந்து தொங்கியது. கலத்தைக் கடலிலிருந்து மீட்ட கப்பல் ஆட்களும் பிறகு அதைக் கையாண்ட பொறியாளர்களும் நினைவுக்காகக் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் இன்று நகக்கண் அளவு வெட்டி, பிளாஸ்டிக் கட்டிக்குள் பதித்து விற்கிறார்கள். அசலும் உண்டு, போலியும் உண்டு. துண்டை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பெரிய துண்டு யாரிடம் இருந்தது, அவர் எந்தக் கப்பலில் அல்லது எந்தப் பிரிவில் வேலை செய்தார், அவர் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இந்த வெட்டி விற்கும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். படலம் ஏற்கெனவே கிழிந்தது, போகட்டும். ஆனால் நிலவுக்குப் போய்வந்த வரைபடத்தையும், கலத்தில் இருந்த துணிப்பையையும், விண்வெளி வீரர் பென்சிலால் குறித்த பக்கத்தையும் நூறு துண்டாக்கி நூறு பேருக்கு விற்பது எனக்கு வயிற்றெரிச்சல். நூறு பேருக்குக் கிடைக்கிறது என்று நியாயம் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் கிடைக்காது.

சோவியத் பக்கம் கதை வேறு மாதிரி. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அங்கே நிறுவனங்களிடமும் குடும்பங்களிடமும் இருந்த பொருட்கள் சந்தைக்கு வந்தன. 1993 டிசம்பரில் நியூயார்க்கில் சோத்பீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலம் இந்தத் துறையில் பெரிய திருப்பம். அதில் ரிச்சர்ட் கேரியட் என்ற கணினி விளையாட்டு வடிவமைப்பாளர் 68,500 டாலருக்கு சோவியத்தின் ஆளில்லா லூனோகோட் 2 ஊர்தியையும் அது இறங்கிய லூனா 21 கலத்தையும் வாங்கினார். இரண்டும் இன்றும் நிலவில்தான் நிற்கின்றன. அவருடைய அப்பா ஓவன் கேரியட், அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் தங்கிய விண்வெளி வீரர். மகனும் 2008-இல் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்தார். அதே ஏலத்தில் லூனா 16 என்ற ஆளில்லா கலம் கொண்டுவந்த மூன்று சிறு நிலவுத் துணுக்குகள் 4,42,500 டாலருக்குப் போயின, 2018-இல் மறுபடி 8,55,000 டாலருக்கு விற்றன. ராக்கெட் மேதை செர்கேய் கொரோலியோவின் மனைவிக்கு சோவியத் அரசே பரிசாகக் கொடுத்தவை என்பதால் வில்லங்கம் இல்லை. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் பறப்பதற்கு 18 நாள் முன்பு, 1961 மார்ச் 25-இல் ஸ்வெஸ்டோச்கா என்ற நாயையும் ஒரு பொம்மை மனிதனையும் சுமந்து பறந்த வோஸ்டாக் கலம், ககாரின் பயணத்தின் 50-ஆவது ஆண்டு நாளில் 28,82,500 டாலருக்கு ஏலம் போனது. இவையெல்லாம் நமக்கு எட்டாதவை.

எட்டுகிற தூரத்தில் வைத்து ஆசைப்பட வேண்டுமானால் சோவியத் விண்கலக் கருவிகளைச் சொல்வேன். குளோபஸ் என்ற ஒரு கருவி, வோஸ்டாக் காலத்திலிருந்து சோயுஸ் வரை பல தலைமுறைக் கலங்களில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டி பூமி உருண்டை, கலம் எந்த ஊருக்கு மேல் இருக்கிறது என்று காட்டியபடி சுழலும். உள்ளே கணினி கிடையாது. முழுக்கப் பற்சக்கரங்களும் கேம் எனப்படும் வளைந்த சுழல்தகடுகளும்தான், விநாடிக்கு ஒருமுறை வரும் மின்துடிப்பு ஒன்று அதை முன்னே தள்ளும். இப்போது என்ஜினை எரித்தால் எங்கே இறங்குவோம் என்று கேட்டால் உருண்டை தானாகத் திரும்பி அந்த இடத்தைக் காட்டும். பூமி சுழல்வதையும் கலம் சாய்வாகச் சுற்றுவதையும் பற்சக்கரத்தாலேயே கூட்டிக் கழிக்கிறது. இதைத் திறந்து பார்த்தவர்கள் வெளியிட்ட படங்களைத் தேடிப் பாருங்கள், கடிகாரக் கடைக்காரர் பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டார்.

வில்லங்கத்துக்கு வருகிறேன், இதில் கவனம் தேவை. அப்பல்லோ கொண்டுவந்த நிலவுக் கற்கள் அமெரிக்க அரசின் சொத்து, தனியார் வாங்க விற்க முடியாது. விபத்தில் சிதறிய சேலஞ்சர், கொலம்பியா ஷட்டில்களின் சிதைவுகளைத் தொடவே கூடாது. 2003-இல் கொலம்பியா சிதறியபோது டெக்சஸில் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டவர்கள் மேல் வழக்கே பாய்ந்தது. அதில் ஏழு பேர் இறந்திருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வாங்க மாட்டேன். விண்வெளி வீரர்கள் நினைவாக வைத்துக்கொண்ட சில்லறைப் பொருட்களில்கூட நெடுங்காலம் குழப்பம் இருந்தது. அப்பல்லோ 13-இன் தளபதி ஜிம் லவல் தான் கையால் எழுதிய கணக்குகள் கொண்ட செயல்முறைக் கையேட்டை 2011-இல் ஏலம் விட்டார், 3,88,375 டாலருக்குப் போனது. விற்க உரிமை உண்டா என்று நாசா கேள்வி எழுப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றி, மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ ஆகிய விண்வெளித் திட்டங்களின் வீரர்கள் வைத்திருந்த அப்படிப்பட்ட பொருட்கள் அவர்களுக்கே சொந்தம் என்றது. நிலவுக் கல் அதிலும் சேராது.

வில்லங்கம் பார்ப்பதன் அருமைக்கு ஒரு பையின் கதை போதும். காஸ்மோஸ்ஃபியரின் முன்னாள் இயக்குநர் ஒருவர் அருங்காட்சியகப் பொருட்களைத் திருடி விற்றதாக 2005-இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அவரிடம் பறிமுதல் செய்ததில் ஒரு வெள்ளைப் பை. பதிவேட்டில் எண் குழம்பியதால் அதன் மதிப்பு யாருக்கும் தெரியவில்லை. 2015-இல் அரசு ஏலத்தில் ஒரு பெண் வழக்கறிஞர் அதை 995 டாலருக்கு வாங்கி, உள்ளே இருக்கும் தூசியைச் சோதிக்க நாசாவுக்கு அனுப்பினார். பார்ட் நம்பரும் தூசியும் ஒன்றையே சொல்லின: ஆம்ஸ்ட்ராங் எடுத்த முதல் நிலவு மண்ணைச் சுமந்து வந்த அப்பல்லோ 11-இன் பை. நாசா திருப்பித் தரவில்லை. நீதிமன்றம், அரசே நடத்திய ஏலத்தில் நேர்மையாக வாங்கியவர் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017 ஜூலை 20-இல் பை 18 லட்சம் டாலருக்கு விற்றது. ஏல ரசீது என்ற ஒற்றைக் காகிதம் அவரைக் காப்பாற்றியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம். கடலிலோ வயலிலோ விழுந்த ராக்கெட் பாகம் கண்டெடுத்தவருக்குச் சொந்தமில்லை. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி ஏவிய நாட்டுக்கே உரிமை, எங்கே விழுந்தாலும். 2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாக்கீரப்பாளையம் மீனவர்கள் வலையில் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் ஒன்று சிக்கியது நினைவிருக்கும், அது இஸ்ரோவுக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது, ராக்கெட் என்ஜின் பாகங்கள், வழிகாட்டும் கருவிகள் முதலியவற்றை அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப ஆயுத ஏற்றுமதி விதிகள் தடை போடும், ஐம்பது வருடப் பழசாக இருந்தாலும். நான் ஊருக்கு வரும்போது எதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதில்லை. நீங்கள் வாங்கும்போது, ஏற்றுமதி அனுமதியை விற்பவர் எழுத்தில் உறுதி செய்யட்டும், நம் சுங்கவரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் பராமரிப்பு. துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள், டேக்கைக் கழற்றாதீர்கள், மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். அறியாத உலோகத்தை அரமோ உப்புத்தாளோ போட்டுத் தேய்க்கக் கூடாது, அந்தக் கால விண்கலங்களில் பெரிலியம் உண்டு, அதன் தூசி நுரையீரலுக்கு எமன். பழைய சோவியத் கருவிகளின் ஒளிரும் முள்ளில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறக்காதீர்கள். எரிபொருள் வால்வு என்றால் ஹைட்ரசீன் என்ற நச்சு எரிபொருள் மிச்சமில்லை என்ற சான்று கேளுங்கள். வெடிமருந்துள்ள சாதனம் எதையும் வாங்கவே வேண்டாம். சென்னைக் கடற்காற்றுக்கு உலோகம் வெகுசீக்கிரம் பூத்துவிடும். மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை அதை மாற்றுவது போதும். ரப்பரும் நுரையும் மட்டும் என்ன செய்தாலும் நாளடைவில் பொடியும். விண்வெளி உடைகளின் உட்புற ரப்பரைக் காக்க அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே குளிரூட்டிய, ஈரம் குறைத்த அறை வைத்துப் போராடுகிறது. அதனால் ரப்பர் பாகத்தில் பணம் போடாதீர்கள்.

எதில் தொடங்கலாம் என்றால், முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். நாசாவின் பழைய தொழில்நுட்ப அறிக்கைகள் இணையத்தில் இலவசம், ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு அதன் சாமான் பட்டியலைப் படியுங்கள். அப்புறம் ஒரு ஸ்விட்ச், ஒரு கனெக்டர், ஒரு பயிற்சிக் கையேடு என்று சிறிதாக வாங்குங்கள். எண் தெளிவாக இருக்க வேண்டும், ரசீது வேண்டும். பறந்ததா என்பதைவிட, அது என்ன வேலை செய்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், டில்லி போகும் வேலை வந்தால் தீன்மூர்த்தி வளாகத்தில் நேரு கோளரங்கத்துக்குப் போங்கள். 1984 ஏப்ரல் 11-இல் ராகேஷ் சர்மா பூமிக்குத் திரும்பிய சோயுஸ் டி-10 கலம் அங்கே இருக்கிறது. போனது டி-11-இல், வந்தது இதில். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகராமல், கலத்தைச் சுற்றி வந்து அதன் மேற்பரப்பைப் பாருங்கள். எங்கே கருகியிருக்கிறது, எங்கே நிறம் மாறியிருக்கிறது, கருகல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று நிதானமாகக் கவனியுங்கள். உண்மையில் பறந்து திரும்பிய ஒன்றைப் பார்த்து உங்கள் கண் பழகட்டும். பிறகு, விற்பவர் அனுப்பும் படத்தைத் திறந்து பாருங்கள்.